கேமராவைத் தனியாக உட்கார வையுங்கள்

போன இதழில் வாசல் கேமரா வாங்குவது பற்றி எழுதும்போது, "வாங்கி வந்ததும் அதைத் தனி நெட்வொர்க்கில் போட்டுவிடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். லென்ஸ், மெமரி கார்டு, இரவுப் பார்வை என்று மெனக்கெட்டு எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். அதிலும் முக்கால்வாசி இங்கே பெங்களூரிலிருந்தே. ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

வாசகி, பெல்லந்தூர்: சார், நானும் கணவரும் ஐ.டி. வீட்டில் இரண்டு கேமரா, டிவி, தரை துடைக்கும் ரோபோ, கீசருக்கு ஸ்மார்ட் ப்ளக், ஏழெட்டு பல்பு. எல்லாம் ஒரே வைஃபையில். வி-லேன் (ஒரு நெட்வொர்க்கைப் பலவாகப் பிரிக்கும் ஏற்பாடு) போட்டே தீருவேன் என்று அவர் நெட்வொர்க் சுவிட்ச், வைஃபை ஆக்ஸஸ் பாயின்ட் எல்லாவற்றையும் ஆன்லைன் கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறார். "பல்பை ஹேக் செய்து எவனுக்கு என்ன ஆகப்போகிறது" என்பது என் கட்சி. தீர்ப்புச் சொல்லுங்கள்.

பல்பு விஷயத்தில் உங்கள் பக்கம். கேமரா விஷயத்தில் அவர் பக்கம். கார்ட்டில் இருக்கும் சாமான்கள் விஷயத்தில் மறுபடியும் உங்கள் பக்கம்.

உடைத்து உள்ளே வருகிறவனுக்கு உங்கள் வாசலைப் பார்க்கும் ஆசை பெரும்பாலும் கிடையாது. நாள் முழுக்க இன்டர்நெட்டில் இருக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கிடைத்தால் போதும். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் செய்தது இதைத்தான். கேமரா, கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி, ரௌட்டர் என்று தேடிப் போய், கம்பெனியிலேயே போட்டு அனுப்பும் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள் 60 சொச்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். திறந்துகொண்டவற்றையெல்லாம் திரட்டி அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டி.என்.எஸ். (இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தின் மேல் ஏவினார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் பலருக்கும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கேமரா அதுபாட்டுக்கு வாசலைக் காட்டிக்கொண்டுதானே இருந்தது!

அது ஊருக்கு வந்த கேடு. வீட்டுக்குள் என்ன ஆகும்? ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் சாதாரணமாக ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிடலாம். கேமராவுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், அங்கிருந்தபடியே உங்கள் லேப்டாப்பில் ஷேர் செய்த ஃபோல்டர், குடும்பப் போட்டோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, ரௌட்டரின் அட்மின் பக்கம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கலாம். லேப்டாப்புக்கு வாரா வாரம் அப்டேட் வருகிறது. மலிவு விலைக் கேமராவுக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று அதன் ஆப்பில் போய்ப் பாருங்கள். பார்த்தபின் கணவரோடு சண்டை குறையலாம்.

வி-லேன் என்பது ஒரே ஒயரில், ஒரே சுவிட்சில் பல நெட்வொர்க்குகளை ஓட்டும் ஏற்பாடு. 802.1க்யூ என்ற தரம் 1998-இல் வந்தது. ஈதர்நெட் பொட்டலம் ஒவ்வொன்றிலும் 4 பைட்டில் ஒரு சீட்டைச் செருகி, இது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று எண் குறிக்கிறார்கள். எண் 1 முதல் 4094 வரை வைத்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என்று பிரித்திருப்பது இப்படித்தான். வீட்டில் லேப்டாப், போன் எல்லாம் 10-இல், கேமரா, ப்ளக், டிவி எல்லாம் 20-இல் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. எண் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ரௌட்டர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறதே! ஒரு நெட்வொர்க்கிலிருந்து வந்ததை இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு. பல ரௌட்டர்களில், எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகள் இருக்கும் ஃபயர்வாலில் "கூடாது" என்று நீங்கள் எழுதும்வரை 20-இலிருந்து வந்ததை 10-க்குத் தாராளமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் கொடுப்பது சின்ன வேலை. யார் யாரை முதலில் கூப்பிடலாம் என்று முடிவு செய்வதுதான் வேலையே.

உங்கள் வீட்டுக்கு என் தீர்ப்பு: கார்ட்டை அப்படியே விட்டுவிட்டு, இருக்கிற ரௌட்டரில் கெஸ்ட் வைஃபையை (விருந்தினர்களுக்கென்று ரௌட்டரே தரும் தனி வைஃபை) ஆன் செய்து கேமரா, ரோபோ, ப்ளக், பல்பு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். முக்கால் பாதுகாப்பு காசில்லாமல் வந்துவிடும். ஒயர் இழுத்த கேமரா, வீட்டு சர்வர், போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் என்று தேவைகள் வரும்போது சுவிட்ச் வாங்கலாம். அலுவலக லேப்டாப் இருக்கிறதல்லவா, அதுவும் உங்கள் சொந்தச் சாமான்களோடு இருக்க வேண்டியதில்லை. கெஸ்ட்டில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காதபடி தடுக்கும் ஐசொலேஷன் உங்கள் ரௌட்டரில் இருந்தால் லேப்டாப்பையும் அங்கேயே போடுங்கள். இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கேமராவோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

பெரியவர், அல்சூர்: தம்பிக்கு ஆசீர்வாதம். எனக்கு வயது 74. ஏரிப் பக்கம் வீடு. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன தடவை வந்தபோது வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று கேமரா மாட்டிவிட்டுப் போனான். வி-லேன் எல்லாம் எனக்குப் புரியாது. ஃபைபர்க்காரர்கள் கொடுத்த பெட்டிதான் இருக்கிறது. நானே செய்துகொள்கிற மாதிரி ஏதாவது உண்டா?

வணக்கம் ஐயா. உண்டு. மத்தியானத் தூக்கத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பதுபோல ஒரு முகவரியும், அதற்கான யூசர்நேம், பாஸ்வேர்டும் இருக்கும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து அந்த முகவரியை அடியுங்கள். முதல் வேலையாக அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றி டைரியில் எழுதி வையுங்கள். டைரியில் எழுதக் கூடாது என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். திருடன் அமெரிக்காவிலிருந்து வந்து உங்கள் டைரியைப் புரட்டப்போவதில்லை.

அடுத்து வைஃபை பகுதியில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறதா பாருங்கள். இங்கே ஒரு சுளுவான வழி. கேமராக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புது வைஃபைக்கு மாற்றுவது இளைஞர்களுக்கே எரிச்சலான வேலை. அதற்குப் பதில், இப்போது இருக்கும் வைஃபைக்குப் புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டு, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கெஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கேமராக்கள் ஒரு தடவை அணைந்து எரிந்ததும் தாங்களாகவே கெஸ்ட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். புதுப் பெயரை உங்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும் போட்டால் சரி. கெஸ்ட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பில் வையுங்கள். இந்த மாதிரிக் கருவிகளில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, டபிள்யூ.பி.ஏ.3 என்றால் பல கருவிகள் முழிக்கும்.

மகன் அங்கிருந்து பார்ப்பது நிற்காது, கவலை வேண்டாம். அவருடைய ஆப் கம்பெனி சர்வர் வழியாகத்தான் கேமராவை அடைகிறது.

சரியாகப் பிரிந்ததா என்று பார்க்க, போனை ஒரு நிமிடம் கெஸ்ட் வைஃபைக்கு மாற்றி, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே 192.168.1.1-ஐ அடித்துப் பாருங்கள். அட்மின் பக்கம் திறக்கக் கூடாது. திறந்தால் உங்கள் பெட்டியின் கெஸ்ட் பெயருக்குத்தான் கெஸ்ட். அப்படியானால் அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அதே அட்மின் பக்கத்தில் 'வேன்' (WAN) என்று ஒரு பகுதியும் அதில் ஒரு வி-லேன் எண்ணும் கண்ணில் படலாம். அது ஃபைபர் கம்பெனி இன்டர்நெட்டையும் தொலைபேசியையும் பிரித்து அனுப்ப வைத்திருக்கும் எண். அதில் கை வைத்தால் நெட் போய்விடும், பிறகு அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடத்துக் கேமரா அவசியமா என்று மகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நெட்வொர்க்கைப் பிரித்தால் கேமரா உங்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பது நிற்கும். உங்களைப் பார்ப்பது நிற்காது. மகனின் கேமரா அக்கவுன்ட்டில் ஓ.டி.பி. கேட்கும் இரட்டைப் பூட்டு போட்டிருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

வாசகர், ராமமூர்த்தி நகர்: பழைய ரௌட்டர் ஒன்று பரணில் தூங்குகிறது. ஃபைபர் ரௌட்டருக்குப் பின்னால் அதை மாட்டி ஸ்மார்ட் சாமான்களை எல்லாம் அதில் போட்டுவிட்டால் வி-லேன் வேண்டாமே?

யோசனை சரி. திசை தலைகீழ்.

பின்னால் மாட்டிய ரௌட்டர், தனக்குப் பின்னால் இருப்பவர்களை வெளியே தாராளமாக விடும். வெளியிலிருந்து தானாக வருவதைத்தான் தடுக்கும். அதற்கு 'வெளி' என்பது இன்டர்நெட் மட்டுமல்ல, உங்கள் ஃபைபர் ரௌட்டரில் இருக்கும் லேப்டாப்பும்தான். கேமராவை உள்ளே வைத்து லேப்டாப்பை வெளியே வைத்தால், கேமராவிலிருந்து லேப்டாப்புக்கு ராஜபாட்டை. லேப்டாப்பிலிருந்து கேமராவுக்குத்தான் தடை. ஆகவே மாற்றிப் போடுங்கள். ஃபைபர் ரௌட்டரின் வைஃபையில் கேமரா, ப்ளக், டிவி. பரணிலிருந்து இறக்கிய ரௌட்டரில் லேப்டாப்பும் போனும்.

மூன்று விஷயம் கவனியுங்கள். அந்தப் பழைய ரௌட்டர் ரௌட்டராகவே ஓட வேண்டும். 'ஆக்ஸஸ் பாயின்ட் மோட்' என்று எதையாவது தட்டிவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும், பிரித்த பலன் துளியும் இல்லை. இரண்டுக்கும் ஐ.பி. (கருவிகளின் நெட்வொர்க் முகவரி) வரிசை வேறு வேறாக இருக்கட்டும், முன்னது 192.168.1 என்றால் பின்னது 192.168.50 என்பதுபோல. எல்லாவற்றுக்கும் முன்னால், அதற்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் அப்டேட் வராத ரௌட்டரைக் காவலுக்கு வைப்பதற்குப் பரணே தேவலை.

ஆன்லைன் கேம் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், நேட்டுக்குப் பின்னால் நேட் (இரண்டு ரௌட்டரும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்புவது) என்று முனகுவார்கள். முனகட்டும்.

வாசகர், மல்லேஸ்வரம்: எஸ்.பி. ரோட்டில் மேனேஜ்டு சுவிட்ச் (வி-லேன் எண் கொடுக்கக்கூடியது) வாங்கி, ரௌட்டரில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருளை ஏற்றி, 10, 20 என்று பிரித்தேன். 20-இலிருந்து 10-க்கும் போகக் கூடாது, கேமராக்கள் இன்டர்நெட்டுக்கும் போகக் கூடாது என்று ஃபயர்வாலில் தடுத்தேன். அன்றிலிருந்து போனில் டிவியைக் காணோம், பிரின்டரைக் காணோம், மாடிப்படிக் கேமராவில் தேதி 1970 என்று வருகிறது. அம்மா "பழையபடியே பண்ணிடுடா" என்கிறார். எங்கே தப்பு?

தப்பு ஒன்றுமில்லை. பாதி வழியில் நிற்கிறீர்கள். இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அம்மாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள்.

முதலில் டிவி. யூடியூபில் காஸ்ட் பொத்தானைத் தொட்டால் போன் என்ன செய்கிறது? "இங்கே யாராவது டிவி இருக்கிறீர்களா?" என்று 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353-ஆம் போர்ட்டில் (கதவு எண் மாதிரி) கூவுகிறது. எம்.டி.என்.எஸ். என்று பெயர். இந்தக் கூவல் அந்தந்த நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் கேட்கும். ரௌட்டர் அதைத் தாண்டவிடாது, அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். போன் 10-இல் கூவுகிறது, டிவி 20-இல் உட்கார்ந்திருக்கிறது. ஃபயர்வாலை முழுக்கத் திறந்துவிட்டாலும் டிவி கண்ணில் படாது என்பதைக் கவனியுங்கள். நிறையப் பேர் இங்கே பொறுமை இழந்து எல்லா விதிகளையும் அழித்துவிடுகிறார்கள்.

இதற்கு ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யில் அவாஹி என்ற பொதியை நிறுவி அதன் ரிஃப்ளெக்டரை ஆன் செய்யுங்கள். ஒரு பக்கம் கேட்ட கூவலை மறுபக்கமும் திருப்பிச் சொல்வது அதன் வேலை. 20-இலிருந்து ரௌட்டருக்கு வரும் யு.டி.பி. (பொட்டலம் அனுப்பும் ஒரு முறை) 5353-ஐ அனுமதிக்க மறக்காதீர்கள். ஓமாடா, யூனிஃபை மாதிரிச் சாதனங்கள் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு டிக் குறியிலேயே இருக்கிறது.

கூவல் கேட்டாயிற்று. அடுத்து, 10-இலிருந்து 20-க்கு அனுமதி, அதற்கு வரும் பதிலுக்கும் அனுமதி, 20 தானாக ஆரம்பித்தால் தடை. இந்த மூன்றும்தான் எல்லா விதிகளுக்கும் முதுகெலும்பு. உங்கள் அபார்ட்மென்ட் கேட் மாதிரிதான்: நீங்கள் வரச்சொன்ன பிளம்பரைக் காவலாளி உள்ளே விடுவார், அவராகவே "ஏதாவது குழாய் ஒழுகுதா" என்று வந்து நின்றால் விடமாட்டார். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யில் பதில்களை அனுமதிப்பது தானாகவே நடக்கும். நீங்கள் 'லேன்' மண்டலத்திலிருந்து (அதாவது 10) கேமரா மண்டலத்துக்கு (20) ஃபார்வர்டிங், அதாவது போக அனுமதி, கொடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிரின்டர் சுலபம். அதற்கு ரௌட்டரில் ஒரு ஐ.பி.யை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பில் அந்த முகவரியைக் கையால் அடித்துச் சேருங்கள். பிரின்ட் கொடுப்பது லேப்டாப் ஆரம்பிக்கும் பேச்சு, அது நடக்கும். ஸ்கேன் செய்து நேராக லேப்டாப் ஃபோல்டருக்கு அனுப்புவது பிரின்டர் ஆரம்பிக்கும் பேச்சு, அது நடக்காது. அதற்கென்று ஓட்டை போடாதீர்கள். லேப்டாப்பிலிருந்தே ஸ்கேனை ஆரம்பித்தால் சரியாகிவிடும்.

இப்போது 1970. நேரத்தையும் உற்றுப் பார்த்திருந்தால், கரண்ட் போய் வந்தவுடன் ஜனவரி 1, காலை 5.30 என்று ஆரம்பித்திருக்கும். லினக்ஸில் ஓடும் கருவிகள் காலத்தை 1970 ஜனவரி 1-இன் கிரீன்விச் நள்ளிரவிலிருந்துதான் எண்ணுகின்றன. நம் ஊர் நேரத்தில் அது காலை ஐந்தரை. மலிவுக் கேமராவில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இருப்பதில்லை. கரண்ட் போனால் நேரம் மறந்துவிடும், வந்ததும் இன்டர்நெட்டில் யாரையாவது கேட்டுச் சரி செய்துகொள்ளும். நீங்கள் இன்டர்நெட்டை அடைத்துவிட்டீர்கள், அது யாரைக் கேட்கும்? ரௌட்டரையே நேரம் சொல்ல வையுங்கள். ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் சிஸ்டம் பக்கத்தில் என்.டி.பி. சர்வராக (நேரம் சொல்லும் சர்வர்) இருப்பதற்கு ஒரு டிக் இருக்கிறது. கேமராவின் செட்டிங்கில் நேர சர்வர் முகவரியாக 192.168.20.1-ஐ, அதாவது 20-ஆம் பக்கத்தில் உங்கள் ரௌட்டருக்கு இருக்கும் முகவரியைக் கொடுங்கள். 20-இலிருந்து ரௌட்டருக்கு யு.டி.பி. 123-ஐத் திறந்துவிடுங்கள். ஐ.பி. வாங்க 67-உம், பெயர் கேட்க 53-உம் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். ரௌட்டரின் அட்மின் பக்கம் மட்டும் 20-க்குத் திறக்கக் கூடாது. இதை அற்பமாக நினைக்காதீர்கள். வீட்டில் களவு போய், போலீஸாரிடம் 1970 என்று தேதி போட்ட வீடியோவை நீட்டினால் என்ன ஆகும்?

ஐ.பி.வி.6 என்ற புது முகவரி முறையையும் பாருங்கள். இப்போது பல ஃபைபர் இணைப்புகளில் அது கூடவே வருகிறது. ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யின் மண்டல விதிகள் இரண்டுக்கும் பொது, அதனால் உங்களுக்குப் பிரச்சினை குறைவு. வேறு சில ரௌட்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தை விட்டுவிடுகிறார்கள்.

விதிகளை இறுக்குவதற்கு முன்னால் எந்தக் கருவி என்ன கேட்கிறது என்று டி.என்.எஸ். பதிவைக் கொஞ்ச நாள் பார்க்கச் சொல்வது என் வழக்கம். ஜெயநகரில் ஒரு வீட்டில் இப்படிப் பார்த்தபோது, கேமராக்களைவிட அதிகம் வாயாடியது டிவிதான். இரவில் எல்லோரும் தூங்கியபின், அணைந்த திரையோடு, விளம்பர சர்வர் பெயர்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வீட்டம்மா பட்டியலை வாசித்துவிட்டு, "இதுக்கு ராத்திரி மெயின் சுவிட்சையே அணைச்சுடறேன்" என்றார். வி-லேனைவிட நல்ல யோசனை. நான் மறுத்துப் பேசவில்லை.

சுருக்கமாகச் சில

"என் பல்புகள் ஜிக்பி (வைஃபை இல்லாமல் வேறொரு ரேடியோவில் பேசுபவை). அவற்றையும் வி-லேனில் போட வேண்டுமா?" என்கிறார் பனசங்கரி வாசகர். முடியாது, வேண்டியதும் இல்லை. ஜிக்பி பல்புக்கு ஐ.பி.யே கிடையாது, அதன் ஹப்புக்குத்தான் உண்டு. ஹப்பை 20-இல் போட்டால் போதும்.

"மேட்டர் முத்திரை போட்ட ப்ளக் வாங்கினேன், வி-லேன் பிரித்ததும் வேலை செய்யவில்லை" என்று இந்திராநகரிலிருந்து. மேட்டர் என்பது ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்காக 2022 அக்டோபரில் வந்த தரம். ஐ.பி.வி.6-ஐயும் மேலே சொன்ன கூவலையும் நம்பித்தான் ஓடுகிறது. ப்ளக்கையும் அதை ஆட்டிவைக்கும் ஸ்பீக்கரையும் அல்லது ஹப்பையும் ஒரே வி-லேனில் வையுங்கள். இரண்டையும் இரண்டு பக்கத்தில் வைத்துவிட்டு விதி எழுதி மாளாது.

"எத்தனை வி-லேன் வைக்கலாம்? நான் ஏழு யோசித்திருக்கிறேன்." ஏழு எதற்கு? வைஃபை பெயர் ஒவ்வொன்றும் தன் இருப்பை நொடிக்குப் பத்துத் தடவை பறைசாற்றிக்கொண்டிருக்கும், அபார்ட்மென்ட்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்கெனவே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட். மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர், ஒயிட்ஃபீல்டு: எங்கள் வளாகத்தில் கேமராக்கள், கேட்டில் டேப்லெட், கிளப் ஹவுஸ் வைஃபை, சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே சுவிட்ச் வரிசையில் இருக்கின்றன. சிசிடிவி போட்டவர் "எல்லாம் பக்கா" என்கிறார். பொதுக்குழுவில் ஒருவர் வி-லேன் என்று ஆரம்பித்துவிட்டார். செலவு செய்வது நியாயமா?

நியாயம். வீடுகளுக்குக் கெஸ்ட் வைஃபை போதும் என்று சொன்ன அதே வாயால்தான் சொல்கிறேன். கிளப் ஹவுஸ் வைஃபை பாஸ்வேர்டு உங்கள் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பிறந்தநாள் விழாவுக்கு வரும் எவருடைய போனிலிருந்தும் டி.வி.ஆரின் லாகின் பக்கம் திறக்கும் என்று அர்த்தம். நம்பாவிட்டால் இன்று மாலை கிளப் ஹவுஸில் உட்கார்ந்து டி.வி.ஆரின் முகவரியை அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால், போட்டவரிடம் பாஸ்வேர்டு என்னவென்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் சொன்னால், அவர் வேலை செய்த எல்லா வளாகங்களிலும் அதுவேதான்.

சுவிட்சுகளின் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். மேனேஜ்டு அல்லது ஸ்மார்ட் வகையாக இருந்தால் சாமான் செலவே இல்லை, கேமரா, அலுவலகம், கிளப் ஹவுஸ் என்று மூன்றாகப் பிரிக்க ஒருநாள் கூலிதான். சாதாரண வகை என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் வேண்டாம். கேமராக்கள் மட்டும் தொங்கும் சுவிட்ச் அப்படியே இருக்கலாம், மூன்றும் சந்திக்கும் நடு சுவிட்சையும் ரௌட்டரையும் மாற்றினால் போதும். கேமராக்கள் என்.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டியின் முதுகில் இருக்கும், அதே ஒயரில் கரண்டும் கொடுக்கும் பி.ஓ.இ. போர்ட்களிலேயே நேராக மாட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் கேமராக்களைத் தன் சொந்த நெட்வொர்க்கில்தான் வைத்துக்கொள்கின்றன.

வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்திருந்தால் (இன்டர்நெட்டிலிருந்து நேராக உள்ளே வர வழி விடுவது) முதலில் அதை மூடச் சொல்லுங்கள். யு.பி.என்.பி.யையும் அணைக்கச் சொல்லுங்கள். கருவிகள் தாங்களாகவே ரௌட்டரில் ஓட்டை போட்டுக்கொள்ளும் வசதி அது. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வயர்கார்டு மாதிரி ஒரு வி.பி.என். (இன்டர்நெட் நடுவே போகும் பூட்டிய தனி வழி) வழியாக இரண்டு மூன்று பொறுப்பாளர்கள் மட்டும் பார்க்கட்டும்.

புதுக் கேமராக்கள் வாங்கும் எண்ணம் இருந்தால், 2025 ஏப்ரல் 9 முதல் இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சான்றிதழின் பிரதியைக் கொட்டேஷனோடு சேர்த்துக் கேளுங்கள். ஏற்கெனவே தூணில் தொங்குகிறவற்றுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது.

வாசகி, கோரமங்களா: அண்ணா, நான் பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். ஒரே வைஃபையில் ஐம்பது பேர். அம்மா வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரைப் போட்டேன், பக்கத்து அறைப் பெண் அவள் போனிலிருந்து அதில் ஏதோ இந்திப் பாட்டை ஓடவிட்டுவிட்டாள். ரௌட்டர் ஓனர் கையில். நான் என்ன செய்ய?

ஐம்பது பேருக்கும் ஒரே கூவல் கேட்கிறது, அவ்வளவுதான். ஓனரிடம் ஏ.பி. ஐசொலேஷனை (வைஃபையில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காதபடி தடுப்பது) ஆன் செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள் தங்கச்சி. ஆனால் அவர் செய்தால் உங்கள் போனுக்கும் உங்கள் ஸ்பீக்கர் தெரியாமல் போகும். அதைவிட நல்லது, உள்ளங்கை அளவில் ஒரு டிராவல் ரௌட்டர். பி.ஜி. வைஃபையை அது வாங்கி, உங்கள் அறைக்குள் உங்கள் பெயரில் ஒரு வைஃபையைக் கொடுக்கும். ராமமூர்த்தி நகர்க்காரருக்குச் சொன்ன அதே ஏற்பாடுதான்: நீங்கள் பின்னால், ஐம்பது பேர் முன்னால். வாங்கும்போது அது பி.ஜி. வைஃபையை ரௌட்டராக நின்று வாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்றால் பாட்டு நிற்காது.